என் புல்தரைக்கு நான் போட்ட ஓட்டு

அன்று காலை நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபடும். இது காபி குடிக்க உட்காரும்போது எடுத்த முடிவு. குடித்து முடிப்பதற்குள் வெல்டா வந்துவிட்டாள்.

"கண்ணு, வாசப்பக்கத்துப் புல்லையெல்லாம் எடுத்துட்டு அங்க பூப்பாத்தி போடப் போறேன்."

"முடியாது" என்றேன்.

"என்ன சொன்ன?"

"இல்ல... கஷ்டமான வேலையாச்சே, உன்னால தனியா முடியாதுன்னு சொன்னேன்."

"அதான் நீ இருக்கியே" என்று சொல்லிவிட்டு என் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அதில் இன்னும் பாதி காபி இருந்தது.

என் மனைவி என்னை மூன்று விதமாகக் கூப்பிடுவாள். 'கண்ணு' என்றால் எனக்கு ஏதோ வேலை இருக்கிறது. 'ஹோரஸ்' என்றால் அந்த வேலையை நான் சரியாகச் செய்யவில்லை. 'ஹோரஸ் ஆல்டன் பெட்டிக்ரூ அவர்களே, கொஞ்சம் இங்க வர்றீங்களா' என்று மரியாதையாகக் கூப்பிட்டால், கார் சாவியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவது உடம்புக்கு நல்லது. தபால்காரனாக வீடு வீடாகப் போய்க் காலமெல்லாம் எத்தனையோ நாய்களைச் சமாளித்தவன் நான். ஆனாலும் அந்த மரியாதைக்கு மட்டும் எனக்கு உதறல்தான்.

புல்தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஜார்ஜியாவில் ஓர் ஆண்பிள்ளை கல்யாணமான பிறகு தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான். வீட்டுக்குள் எந்தச் சுவருக்கு என்ன வண்ணம் என்று யாரும் அவனைக் கேட்கமாட்டார்கள். ஆனால் வாசலில் இறங்கிவிட்டால் அவன் ராஜா. என் புல் பெர்முடா ஜாதி. அதை நான் குழந்தையைப் போல் வளர்த்தேன். சனிக்கிழமை வெட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு அதன் நடுவில் படுத்துத் தூங்குவேன். தெருவில் போகிற கார்களெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும் மெதுவாகப் போகும். அங்கே வேகத்தடை இருக்கிறது, அதனால்தான் என்பாள் வெல்டா. பொறாமை.

எல்லாம் அந்தத் தோட்ட கிளப்பால் வந்த வினை. முன்பெல்லாம் அந்தப் பெண்கள் மாதத்துக்கு ஒரு முறை கூடி, கேக் சாப்பிட்டு, வராதவர்களைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு யாருக்கோ அறிவு வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. சர்ச் கூடத்தில் தோட்டக்கலைப் படிப்பு ஆரம்பித்தார்கள். மண் ஒரு பாடம், பூச்சி ஒரு பாடம், உரம் ஒரு பாடம். வெல்டா எல்லாவற்றிலும் தேறினாள். வீட்டில் லத்தீன் புகுந்தது. ஒரு நாள் கடைக்குப் போய் 'ஏலியம் சீபா' வாங்கி வரச் சொன்னாள். கடைக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அது மருந்துக் கடையில்தான் கிடைக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் தோளைத் தட்டினார். வீட்டுக்கு வந்து கேட்டால், வெங்காயமாம்.

பூச்சிப் பாடம் முடிந்த அன்றுதான் என் புல்மேல் அவள் கண் விழுந்தது.

"அந்தப் புல்லுல ஒரு தேனீக்கு ஒரு வாய் சாப்பாடு இருக்கா?"

"தேனீ என்ன எனக்கு மாமனா, மச்சானா?"

"ஒரு பட்டாம்பூச்சி வந்து உக்கார இடமிருக்கா?"

"நான் படுக்க இடமிருக்கே."

"அதான் பிரச்சினையே. தண்ணிய மட்டும் குடிச்சுட்டு, யாருக்கும் பிரயோஜனமில்லாம, அது பாட்டுக்கு அப்படியே கிடக்குது."

"புல்லத்தானே சொல்ற?"

"அதையும்தான்."

நேரடியாக மோதினால் தோற்றுவிடுவேன் என்று தெரிந்தது. தந்திரமாக ஒரு பந்தயம் வைத்தேன். கிளப் ஒவ்வொரு வசந்தத்திலும் மலர்க் கண்காட்சி நடத்தும். பூ அலங்காரப் போட்டியில் முதல் பரிசுக்கு நீல ரிப்பன், இரண்டாவதுக்குச் சிவப்பு, மூன்றாவதுக்கு மஞ்சள், பாவம் என்பதற்கு வெள்ளை. வெல்டாவிடம் ஒரு இழுப்பறை நிறைய வெள்ளை ரிப்பன் இருந்தது. மஞ்சள் ஒன்றே ஒன்று, அதுவும் மற்றவர்களுக்கெல்லாம் காய்ச்சல் வந்த வருஷம்.

"நீல ரிப்பன் வாங்கிட்டு வா. புல்லு உனக்கு. வாங்கலைன்னா இந்தப் பேச்சு இந்த வீட்டுல இனிமே எழக் கூடாது. சரியா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

"நான் சாட்சி!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டு டாட்டி. அவள் வெல்டாவின் கிளப் தோழி. ரோஜாச் செடிக்குள் தலை, எங்கள் வீட்டுக்குள் காது. அதுதான் அவளுடைய தோட்டக்கலை.

மறுநாளே வெல்டா பூ அலங்காரப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. குளிர்காலம் முழுக்கப் பயிற்சி. சூப்புக் கிண்ணத்தில் கிளை நிற்கிறது. கெண்டியில் கொடி தொங்குகிறது. பல் தேய்க்கும் குவளையைத் தேடினால் அதில் மூன்று நார்சிசஸ் பூ என்னை முறைக்கிறது. அவள் திறமை நாளுக்கு நாள் வளர்ந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இப்படிப்பட்ட யோசனை ஒரு மனிதனுக்கு ஆயுளில் ஒரு தடவைதான் வரும், வராமலே இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் ஊர்க் கண்காட்சிக்கு எங்கள் ஊர்க்காரர்கள் நடுவராக இருக்க முடியாது. அப்படி இருந்தால் மறுநாள் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள் என்பது அனுபவம். அதனால் பக்கத்து ஊரான ஹார்லோ கிளப்பிலிருந்து வருவார்கள். அங்கே நடுவர்களுக்கென்றே ஒரு படிப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். கண்காட்சிக்கு இரண்டு நடுவர்களோடு ஒரு மாணவ நடுவரும் வருவார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் மாணவரின் ஓட்டுதான் முடிவு. படைப்பில் பெயர் இருக்காது. பெயர்ச்சீட்டை மடித்து ஊசி குத்தி வைத்திருப்பார்கள். ஆனால் முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தவனுக்கு மனைவியின் கைவேலை தெரியாதா?

சேர்ந்தேன். வெல்டாவிடம் சனிக்கிழமைகளில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னேன். தூண்டிலை எடுத்துக் காரில் போட்டேன். தொப்பிகூடப் போட்டுக்கொண்டேன்.

வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். பாடம் நடத்தியவர் மிஸஸ் கிம்பரோ. அறைக்குள் அவர் வந்தாலே பூக்கள் நிமிர்ந்து நிற்கும், நாங்களும்தான்.

"மிஸ்டர் பெட்டிக்ரூ, பூ அலங்காரத்தைப் பாத்ததும் நடுவர் முதல்ல என்ன சொல்லணும்?"

"யாரு பண்ணதுன்னு கேக்கணும்."

"இல்ல. நல்லத முதல்ல சொல்லணும். பிறகு குறை. அதையும் 'மோசம்'னு சொல்லக் கூடாது. 'இன்னும் மெருகேத்தலாம்'னு சொல்லணும். கண்ணால பாக்கணும், கையால தொடக் கூடாது. இன்னொரு முக்கியமான விதி. உங்க வீட்டு ஆள் யாராவது போட்டியில இருந்தா நீங்க விலகிடணும். இங்க அப்படி யாராவது இருக்கீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன். வேலைப்பாடான கூரை. இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம்.

வகுப்பு முடிந்ததும் மீன் கடைக்குப் போனேன். முதல் வாரம் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை வாங்கி வந்துவிட்டேன்.

"ஏன் கண்ணு, இந்த மீனுக்குத் தலை எங்க?"

"அங்கயே சுத்தம் பண்ணிட்டேன்."

"முள்ளு?"

"அதையும் எடுத்துட்டேன்."

"எலுமிச்சம்பழத் துண்டு ஒட்டியிருக்கே?"

"அது... மீனுக்குப் போட்ட இரை."

"எலுமிச்சம்பழத்துக்கு மீன் மாட்டுதா?"

"எங்க ஏரியில மாட்டும்."

இரண்டாவது வாரம் எச்சரிக்கையாகத் தலையோடு வாலோடு முழு மீனாக வாங்கினேன். வெல்டா அதை மேஜைமேல் போட்டாள். டங்கென்று சத்தம் வந்தது.

"கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு."

"ஏரி ஆழத்துல ரொம்பக் குளிரு."

"அப்படியா? பாவம், ஸ்வெட்டர் போடாம இருந்திருக்கும்."

மூன்றாவது வாரம் கடையில் மீன் தீர்ந்துவிட்டது. இறால் வாங்கி வந்தேன். அது கடலில்தான் இருக்கும் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. வெல்டா அதை வாங்கிப் பார்த்தாள். வெண்ணெயில் வதக்கிச் சோளக் கஞ்சியோடு வைத்தாள். "வழி தவறி வந்திருக்கும், இல்ல?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா ஆமா" என்றேன். என் மனைவி இவ்வளவு வெகுளியா என்று எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

இதற்கிடையில் படிப்பு என் தலைக்கு ஏறிவிட்டது. சமநிலை, அளவுப் பொருத்தம், மாறுபாடு, லயம் என்று நாக்கில் எப்போதும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் இரவு, கிரேவி ஊற்றித் தின்கிற எங்கள் ஊர்ப் பிஸ்கட் ரொட்டியைச் சாப்பிடும்போது அது வெளியே வந்துவிட்டது.

"பிஸ்கட்டோட உயரம் அருமை. ஓரத்துல அந்தப் பொன் நிறம், நடுவுல வெள்ளை, நல்ல மாறுபாடு. கிரேவி மட்டும் தட்டோட ஒரு பக்கமா சாஞ்சுடுச்சு. சமநிலைய இன்னும் மெருகேத்தலாம்."

வெல்டா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன பேசுற நீ?"

"ஏரிக்கரையில ஒருத்தன் அப்படித்தான் பேசுவான். அவன் பேச்சு தொத்திக்கிச்சு."

"அவன் சாப்பாட்டப் பாத்து அப்படிச் சொன்னா அவன் பொண்டாட்டி என்ன செய்வா?"

"தெரியல. கேக்கல."

"கேட்டு வெச்சுக்கோ. உனக்கு உதவும்" என்று சொல்லி கிரேவிப் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டாள். வறண்ட பிஸ்கட் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

ஏப்ரல் வந்தது. அசேலியா பூத்தது. என் புல் பச்சை பிடித்தது. கண்காட்சி நாளன்று வெல்டா விடியற்காலையிலேயே டாட்டியோடு கிளம்பிப் போனாள். "நீ ஏரிக்குப் போ கண்ணு. நாள் முழுக்க இரு" என்றாள். நானும் தூண்டிலோடு கிளம்பி, ஹார்லோவுக்குப் போய், கோட்டு மாட்டிக்கொண்டு, மிஸஸ் கிம்பரோவின் காரில் ஏறி என் சொந்த ஊருக்கே நடுவராகத் திரும்பி வந்தேன்.

தீர்ப்பு முடியும்வரை போட்டியாளர்கள் யாரும் கூடத்துக்குள் இருக்கக் கூடாது. உள்ளே நாங்கள் மட்டும். மிஸஸ் கிம்பரோ, பெர்னீஸ் என்ற இன்னொரு நடுவர், கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நான். போட்டித் தலைப்பு 'ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்'.

முதல் மேஜையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். நீலப் புள்ளி போட்ட பீங்கான் கூஜா. என் அம்மா எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதன் கைப்பிடி உடைந்து நானே பசை போட்டு ஒட்டிய தழும்புகூடத் தெரிந்தது. அதில் கொத்துக் கொத்தாக அசேலியா. என் மனம் துள்ளியது. மாட்டினாயா வெல்டா!

அடுத்த இரண்டு மேஜைகளைக் கடந்தோம். நான்காவதில் நின்றேன். நின்றுவிட்டேன்.

பழைய மரப்பலகை ஒன்று. அதன்மேல் ஒரு சதுரம் புல். கத்தரித்த விளிம்பு, ஒரே உயரம், ஒரே பச்சை. அதன் ஓரத்தில் ஒற்றை வெள்ளை ஐரிஸ் பூ கொஞ்சம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றது. புல்லின் நடுவில் லேசாக ஒரு பள்ளம். யாரோ படுத்துத் தூங்கிவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருந்தது. அவ்வளவுதான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பூ அலங்காரத்தைப் பார்த்துக் கண் கலங்குவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இந்த ஊரில் புல்லின் அருமை தெரிந்த இன்னொரு ஜீவன் இருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"எனக்கு இந்தப் புல்லுதான் முதல்" என்றார் மிஸஸ் கிம்பரோ.

"எனக்கு அந்தக் கூஜாதான்" என்றார் பெர்னீஸ். "என்ன நிறம்! என்ன நிறைவு!"

"முடியாது, பெர்னீஸ்."

"என்னாலயும் முடியாது."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் இத்தனை சனிக்கிழமை உறைந்த மீன் தின்றது இந்த நிமிஷத்துக்காகத்தான்.

"முதல்ல நல்லதச் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். "கூஜா நல்ல கூஜா. ஏதோ நல்ல குடும்பத்துலேருந்து வந்த கூஜா. ஆனா அதுக்குள்ள பூவத் திணிச்சிருக்கிற விதத்த இன்னும் மெருகேத்தலாம். நிறைய மெருகேத்தலாம். இதப் பண்ணவங்களுக்கு எதையும் சும்மா விட மனசு வராது. எங்க காலி இடம் கண்டாலும் அங்க ஒரு பூவக் கொண்டுபோய் நட்டுடணும். அப்படிப்பட்டவங்க கையில ஒரு வாசல் கிடைச்சா என்னாகும்னு நினைச்சுப் பாருங்க!"

"வாசலா?" என்றார் பெர்னீஸ்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இப்ப இதப் பாருங்க." நான் புல்லின் பக்கம் கையை நீட்டினேன். குரல் தானாக உயர்ந்தது. "இது ஞாயிற்றுக்கிழமையேதான். அந்தப் பள்ளத்தப் பாருங்க. அங்க படுத்திருந்தவன் யாரு? வாரம் முழுக்க அலைஞ்சு களைச்சவன். அவன் எழுந்து போன பிறகும் அந்த இடத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. அந்த ஐரிஸ் அவங்கதான். அவன் மேல எவ்வளவு பிரியம் இருந்தா இப்படிப் பாக்கத் தோணும்! இதப் பண்ணவங்க கூட வாழக் குடுத்து வெச்ச மனுஷன் யாரோ, அவனக் கூப்பிட்டு நான் கை குலுக்கணும்!"

பெர்னீஸ் மூக்கை உறிஞ்சினார். மிஸஸ் கிம்பரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீல ரிப்பனை என் கையாலேயே வைக்கச் சொன்னார். வைத்தேன். கூஜாவுக்குச் சிவப்பு. என் புல்தரை பிழைத்தது என்று மனசுக்குள் ஒரு குட்டிக்கரணம் போட்டேன்.

கதவைத் திறந்தார்கள். பெண்கள் திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பெயர்ச்சீட்டுகளைப் பிரித்தார்கள். கூஜா இருந்த பக்கமிருந்து ஒரு கூச்சல் எழுந்தது.

"சிவப்பு! எனக்குச் சிவப்பு!"

டாட்டி. பக்கத்து வீட்டு டாட்டி என் அம்மாவின் கூஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி நான்காவது மேஜையைப் பார்த்தேன். அங்கே வெல்டா நின்றிருந்தாள். கையில் நீல ரிப்பன். நேராகத் தூணைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஹோரஸ் ஆல்டன் பெட்டிக்ரூ அவர்களே, கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

போனேன். பின்வாசல் தூரமாக இருந்தது.

"வாழ்த்துக்கள்" என்றேன்.

"கை குலுக்கணும்னு சொன்னியாமே?"

"யாரு சொன்னது?"

"கதவு மெல்லிசு கண்ணு. உன் குரல் கனம்."

"அந்தக் கூஜா டாட்டிகிட்ட எப்படிப் போச்சு?"

"நான்தான் இரவல் குடுத்தேன். அதப் பாத்ததும் அதுதான் என்னோடதுன்னு நீ நினைச்சுக்குவன்னு தெரியும்."

"அந்தப் புல்லு?"

"உன்னோடதுதான். நீ ஞாயித்துக்கிழமை படுக்கிற இடத்துலேருந்தே வெட்டி எடுத்தேன். வெட்டின குழி தெரியாம அதுமேல நாற்காலிய இழுத்துப் போட்டிருக்கேன். அந்தப் பள்ளம் நீதான். கல்யாணமான நாள்லேருந்து சமையல்கட்டு ஜன்னல் வழியா அதத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

அவள்மேல் எனக்கு ரொம்பப் பிரியம் பொங்கியது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரியம் வேறு, புல்தரை வேறு. என் கையில் கடைசியாக ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. விதி! நேராக மிஸஸ் கிம்பரோவிடம் ஓடினேன்.

"மேடம்! நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். அந்த நீல ரிப்பன் வாங்கினவ என் சொந்த மனைவி. விதிப்படி நான் விலகியிருக்கணும். பரிசு செல்லாது. ரத்து பண்ணிடுங்க. எனக்காகக் கருணை காட்டாதீங்க!"

"அதுவா?" என்றார் அவர். "உங்க மனைவி முதல் மீன் வந்த அன்னிக்கே ஃபோன் பண்ணிட்டாங்களே. 'எலுமிச்சம்பழம் ஒட்டின மீனோட வந்தார், உங்க ஊர்க் கடையோட காகிதம் சுத்தியிருந்துச்சு, சனிக்கிழமைல உங்க ஊர்ல என்னதான் நடக்குது'ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன்."

"அப்ப... நான் போட்ட ஓட்டு?"

"அத நாங்க எண்ணவே இல்ல, மிஸ்டர் பெட்டிக்ரூ. நீங்க கோட்டுக்குள்ள வேர்த்துக்கிட்டு அந்தக் கூஜாவையே பாத்துக்கிட்டிருந்தப்பவே நானும் பெர்னீஸும் முடிவு பண்ணிட்டோம். ரெண்டு பேருக்குமே அந்தப் புல்லுதான். நாங்க சண்ட போட்டது உங்களுக்கு வெச்ச பரீட்சை."

"நான் நல்லா அழுதேன்ல?" என்றார் பெர்னீஸ் ஆவலாக.

நான் வெல்டாவைத் திரும்பிப் பார்த்தேன். "எப்படியும் ரிப்பன் உனக்குத்தான்னா, கூஜாவ வெச்சு என்னைய ஏன் இந்தப் பாடு படுத்தின?"

"ரிப்பனோட மட்டும் வீட்டுக்கு வந்தா நீ சும்மா இருப்பியா? 'நடுவருங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு'ன்னு வருஷம் பூரா புலம்புவ. இப்ப உன் வாயாலயே சொல்லிட்ட. ஊரே கேட்டுச்சு."

"நானும் கேட்டேன்" என்றாள் டாட்டி.

"பரீட்சையில நீங்க தேறிட்டீங்க" என்றார் மிஸஸ் கிம்பரோ. "புல்ல வெச்சு இப்படி யாரும் என் வகுப்புல பேசினதில்ல. இனி ஒரே ஒரு செய்முறை பாக்கி. புதுசா ஒரு பூப்பாத்தி போட்டுக் காட்டணும். வகுப்பு மொத்தமும் வந்து பாத்துக் கத்துக்கும். அதுக்கு இடம் வேணுமேன்னு யோசிச்சோம். உங்க மனைவி பெரிய மனசு பண்ணி இடம் குடுத்துட்டாங்க."

அடுத்த சனிக்கிழமை ஹார்லோ கிளப் முழுவதும் தொப்பியும் கையுறையுமாக எங்கள் வாசலில் வந்து இறங்கியது. கார்கள் தெரு முனைவரை நின்றன. டாட்டி எல்லாருக்கும் இனிப்புத் தேநீர் ஊற்றினாள். வெல்டா மண்வெட்டியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். என் பெர்முடாவின் நடுவில் நானே முதல் வெட்டு வெட்டினேன். நானே புரட்டினேன். ஏன் இந்தப் புல் போக வேண்டும், தேனீக்கு ஒரு வாய் சாப்பாடு ஏன் வேண்டும் என்று நானே நின்று பாடமும் நடத்தினேன். மிஸஸ் கிம்பரோ குறிப்பெடுக்கச் சொன்னார். எல்லாரும் எடுத்தார்கள்.

மத்தியானம் கார்களெல்லாம் போன பிறகு சேறும் வியர்வையுமாகப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். வெல்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டாள். அந்தக் கரிசனத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"போனது போகட்டும் வெல்டா. வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு துண்டு புல்லு இருக்கே, அத மட்டுமாவது எனக்கு விட்டுடு. அங்க போய்ப் படுத்துக்கறேன்."

"பின்பக்கமா? அதுக்குத்தான் கண்ணு அடுத்த வருஷம் காய்கறித் தோட்டப் படிப்பு வருது. நம்ம ரெண்டு பேருக்கும் பேரு குடுத்துட்டேன்."